எழுத்துக்கு கலர் தெரியுதா? வீட்லயே சினஸ்தீசியா செக் பண்ணி பாக்குறது எப்படி

எனக்கு ழ கருப்பட்டி கலர். நனைஞ்ச கருப்பட்டி ஓரத்துல லேசா பளபளன்னு இருக்குமே, அந்த கலர். ள சாம்பல், ல வெளிர் மஞ்சள், 7 பாசிப்பச்சை, செவ்வாய்க்கிழமை வெள்ளை. யாரும் சொல்லிக் குடுக்கல, நானா யோசிச்சு வச்சதும் இல்ல, எழுத்து கத்துக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தான் இருக்கு. 24 வயசு வரைக்கும் எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ஒருநாள் ஒரு வண்டி நம்பர சொல்லும்போது "அதான், அந்த பச்சையும் நீலமுமா வருமே"ன்னு சொன்னேன், கூட இருந்தவங்க பாத்த பார்வைல தான் இது எல்லாருக்கும் இல்லன்னு புரிஞ்சுது. இதுக்கு சினஸ்தீசியான்னு ஒரு பேர் இருக்குன்னு அப்பறம் தான் தெரியும்.

இப்ப என் பொண்ணுக்கு 7 வயசு, அவளும் அப்படி ஏதோ சொல்ல ஆரம்பிச்சிருக்கா. அதனால இத ஒழுங்கா எப்படி செக் பண்றதுன்னு உக்காந்து படிச்சு, செஞ்சும் பாத்தேன். உங்களுக்கோ உங்க வீட்டு பிள்ளைக்கோ இருக்குமோன்னு டவுட் இருந்தா அப்படியே செஞ்சு பாக்கலாம், செலவு எதுவும் இல்ல, பொறுமை மட்டும் நிறைய வேணும், ஏன்னா இதுல முக்கியமான ஸ்டெப்பே மாசக்கணக்கா காத்திருக்குறது தான்.

முதல்ல என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு புலன் வேலை செய்யும்போது சம்பந்தமே இல்லாத இன்னொரு புலன் அனுபவமும் தானா கூட வர்றது தான் சினஸ்தீசியா. எழுத்த பாத்தா கலர், சத்தம் கேட்டா வடிவம், வார்த்தைய கேட்டா நாக்குல ருசி, இப்படி பல வகை உண்டு. இது வியாதி இல்ல, இதுக்கு மருந்தும் தேவையில்ல. பிரிட்டன்ல 2006ல வந்த ஒரு ஆய்வுல 100 பேர்ல 4 பேருக்கு மேல ஏதோ ஒரு வகை இருந்துச்சு, அதுலயும் கிழமைகளுக்கு கலர் தெரியுறது தான் அதிகம். பொம்பளைங்களுக்கு தான் அதிகமா வரும்னு முன்னாடி ஒரு பேச்சு இருந்துச்சு, அந்த ஆய்வுல அப்படி பெரிய வித்தியாசம் தெரியல.

டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு குழப்பத்த தீத்துக்கணும், இது ரெண்டும் தெரியாம தான் நிறைய பேர் தப்பா முடிவுக்கு வர்றாங்க.

ஒன்னு, இனிமையான குரல், சுடு சொல், கசப்பான அனுபவம்னு நாம எல்லாருமே பேசுறோம், அது மொழி பழக்கம், அத இதுல சேக்கக்கூடாது. அதே மாதிரி "ம ன்னா மஞ்சள், அதனால மஞ்சள்"னு காரணம் சொல்ல முடிஞ்சா அது பெரும்பாலும் நீங்க யோசிச்சு போட்ட முடிச்சா இருக்கும். சினஸ்தீசியால பொதுவா நாம யோசிச்சு வச்ச காரணம் இருக்காது. என் ம கருஞ்சிவப்பு, எவ்ளோ யோசிச்சாலும் ஏன்னு சொல்ல வராது. யோசிக்காம வரணும், எப்பவும் ஒரே மாதிரி வரணும், சின்ன வயசுலேர்ந்து இருக்கணும், இது மூணும் தான் அடையாளம்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். "பேப்பர்ல கருப்பு இங்க்ல இருக்குறது எனக்கு கருப்பா தானே தெரியுது, அப்ப எனக்கு இல்ல"ன்னு சொல்லி விட்டுடுறாங்க. எனக்கும் கருப்பா தான் தெரியும்! கலர் எழுத்து மேலயே பூசின மாதிரி கண்ணுக்கு முன்னாடி தெரியுறவங்க கொஞ்சம் பேர் தான், பெரும்பாலானவங்களுக்கு அது மனசுக்குள்ள தான் வரும், "இது பச்சை"ன்னு ஒரு உறுதியோட வரும். அம்மா முகத்த கண்ண மூடி நினைச்சா வருது இல்லையா, கிட்டத்தட்ட அந்த இடத்துல. ரெண்டுமே கணக்குல உண்டு.

சரி, டெஸ்டுக்கு வருவோம்.

சின்ன சின்ன சீட்டு வெட்டிக்கோங்க. உயிர் 12, மெய் வரிசைய க ங ச ஞ ன்னு அகரத்தோட 18, நம்பர் 0லேர்ந்து 9 வரைக்கும் 10, கிழமை 7, மாசம் 12, மொத்தம் 59 சீட்டு. 247 எழுத்தையும் எழுதணும்னு கிளம்பாதீங்க, பாதிலயே சலிச்சுப் போய் வாய்க்கு வந்தத சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க. எல்லாத்தையும் கருப்பு பேனாலயே எழுதுங்க. இங்கிலீஷ் எழுத்தும் பாக்கணும்னா அது வேற நாள், வேற பேப்பர், ஏன்னா ஒரு மொழி எழுத்தோட கலர் அதே சத்தம் வர்ற இன்னொரு மொழி எழுத்துக்கும் போய் ஒட்டிக்கும், எனக்கு அ வும் ஏ ஃபார் ஆப்பிள் ஏ வும் ஒரே சிவப்பு.

கலர எப்படி குறிக்கிறதுங்கறதுல தான் நான் மொதல்ல தப்பு பண்ணேன். பச்சை, நீலம்னு பேர் எழுதி வச்சேன். அது பத்தாது, பத்து பன்னெண்டு கலர் பேர் தான் நம்ம வாய்ல வரும், அதுல ரெண்டாவது தடவ குருட்டாம்போக்குல சரியா வரவும் வாய்ப்பு இருக்கு. பச்சைன்னா வேப்பிலை பச்சையா, கொழுந்து வாழையிலை பச்சையா, பாசிப்பச்சையான்னு தெரியணும். பெயிண்ட் கடைல ஷேட் கார்டு கேட்டு வாங்கிக்கோங்க, ஒவ்வொரு ஷேடுக்கும் நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர எழுதுங்க. இல்லன்னா போன்ல கலர் பிக்கர் ஆப்ல தொட்டு அதுல வர்ற கோட குறிச்சுக்கோங்க, ஆனா போன்ல ராத்திரி கண்ணு கூசாம இருக்க ஒரு மஞ்சள் மோட் இருக்கும் பாருங்க அத ஆஃப் பண்ணிடணும், பிரைட்னஸும் ஒவ்வொரு தடவையும் ஒன்னா இருக்கணும்.

சீட்ட குலுக்கி இன்னொருத்தர் ஒவ்வொன்னா நீட்டணும், நீங்க அஞ்சு செகண்டுக்குள்ள கலர காட்டணும். வரலன்னா "இல்ல"ன்னு எழுதிட்டு அடுத்தது. வரவழைக்காதீங்க. எல்லா எழுத்துக்கும் கலர் இருக்கணும்னு சட்டம் இல்ல, நம்பருக்கு மட்டும் இருக்குறவங்க, கிழமைக்கு மட்டும் இருக்குறவங்க எல்லாம் உண்டு. ஒரு சுத்து முடிஞ்சதும் எழுதின பேப்பர எடுத்து மறைச்சிட்டு மறுபடி குலுக்கி ரெண்டாவது சுத்து, அப்பறம் மூணாவது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, டேவிட் ஈகிள்மேன்னு ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர் குழு 2007ல வெளியிட்ட கம்ப்யூட்டர் டெஸ்டும் இதே முறை தான், ஒவ்வொரு எழுத்தையும் மூணு தடவ வரிசை மாத்தி கேட்டு, மூணு கலருக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு கணக்கு போடும். அதுல 1க்கு கீழ ஸ்கோர் வந்தா சினஸ்தீசியா இருக்குறவங்கன்னு எடுத்துக்குறாங்க. வீட்ல அந்த கணக்கு வேணாம், மூணு ஷேடும் பக்கத்து பக்கத்துல இருக்கா இல்ல எங்கெங்கயோ இருக்கான்னு கண்ணாலயே தெரிஞ்சிடும்.

இப்ப தான் அந்த முக்கியமான ஸ்டெப். பேப்பர கவர்ல போட்டு ஒட்டி, மேல தேதி எழுதி, பீரோ லாக்கர்ல வச்சிடுங்க. குறைஞ்சது மூணு மாசம், முடிஞ்சா ஒரு வருஷம். நடுவுல அதப்பத்தி பேசாதீங்க, நினைச்சு நினைச்சு பாக்காதீங்க, முக்கியமா கவர பிரிக்காதீங்க. அப்பறம் புதுசா சீட்டு எழுதி, குலுக்கி, மறுபடி அதே மாதிரி.

இந்த காத்திருப்பு ஏன்னா, கலர் எவ்ளோ அழுத்தமா தெரியுதுங்கறத வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, அத வெளிலேர்ந்து அளக்க வழி இல்ல, மாறாம இருக்கான்னு மட்டும் தான் பாக்க முடியும். சைமன் பாரன் கோஹன் குழு லண்டன்ல செஞ்சு 1993ல வெளியிட்ட ஆய்வுல, சினஸ்தீசியா இருக்குறவங்க ஒரு வருஷம் கழிச்சும் 92 சதவீதம் அதே பதில சொன்னாங்க, இல்லாதவங்க ஒரே வாரத்துக்கு அப்பறம் கேட்டதுக்கே 38 சதவீதத்துக்கு கிட்ட தான் சரியா சொன்னாங்க. அதனால வீட்ல சினஸ்தீசியா இல்லாத ஒருத்தரையும் கூட உக்கார வைங்க, ஒப்பிட்டு பாக்க உதவும். எங்க வீட்டுக்காரரும் கூடவே எழுதினார், நல்லா மனப்பாடம் பண்ற ஆள் தான், ஆனா ஒரு வாரத்துக்கு அப்பறம் 30 எழுத்துல 9 தான் ஒத்துப் போச்சு. நான் எட்டு மாசம் கழிச்சு எழுதினேன், 28. மாறின ரெண்டும் ங வும் ஞ வும். தினசரி ரொம்ப கண்ல படாத எழுத்துங்கறதால இருக்கும்னு நினைக்கிறேன், அது என் ஊகம் தான்.

இன்னும் ரெண்டு சின்ன டெஸ்ட் இருக்கு, ஆனா இது கூடுதல் தான், இத மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

முதலாவது வி.எஸ். ராமச்சந்திரன் செஞ்சது. தமிழ்நாட்ல பொறந்து சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல டாக்டருக்கு படிச்சு, கலிபோர்னியா சான் டியாகோல பேராசிரியரா இருந்தவர், சினஸ்தீசியாவ வெறும் கற்பனைன்னு ஒதுக்கி வச்சிருந்த காலத்துல அத மறுபடி ஆராய்ச்சிக்கு கொண்டு வந்தவங்கள்ல அவரும் ஒருத்தர், எனக்கு அதுல ரொம்ப பெருமை. அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001ல ஒரு பக்கம் பூரா டிஜிட்டல் வாட்ச்ல வர்ற மாதிரி 5 போட்டு, நடுவுல சில 2 மட்டும் முக்கோணம் மாதிரி ஒரு வடிவத்துல ஒளிச்சு வச்சாங்க. கலர் தெரியுறவங்க அந்த வடிவத்த மத்தவங்கள விட நல்லா கண்டுபிடிச்சாங்க. தமிழ்ல செய்யணும்னா ஒரு பக்கம் ன வா டைப் பண்ணி அதுல ஆறேழு ண வ முக்கோணமா வைங்க, உங்களுக்கு அந்த ரெண்டும் வேற வேற கலரா இருந்தா மட்டும் தான் இது அர்த்தமுள்ள டெஸ்ட், ஒரே கலர்னா வேற ஜோடி தேடுங்க. முக்கோணம் பட்டுன்னு தெரியலன்னா மனசு விடாதீங்க, சினஸ்தீசியா இருக்குற எல்லாருக்கும் அப்படி தெரியுறது இல்ல, எனக்கே தேடித்தான் கிடைச்சுது.

அடுத்தது ஸ்கெட்ச் பேனா டெஸ்ட். உங்க எழுத்துக்கெல்லாம் தப்பான கலர் போட்டு ஒரு பேப்பர், சரியான கலர் போட்டு ஒரு பேப்பர் இன்னொருத்தர எழுத சொல்லுங்க. இங்க் என்ன கலர்னு மட்டும் வேகமா வாய் விட்டு சொல்லணும், போன்ல டைமர் போட்டுக்கோங்க. தப்பான கலர் பேப்பர்ல நாக்கு தடுமாறும். ம வ நீலத்துல பாத்ததும் எனக்கு "சிவ"ன்னு தான் வாய் வந்துச்சு.

எழுத்து தவிர மத்த வகையும் இதே முறைல பாக்கலாம், பொருள் மட்டும் மாறும். வருஷமோ வாரமோ உங்கள சுத்தி ஒரு இடத்துல இருக்குற மாதிரி தோணுதுன்னா, ஹால் நடுவுல நின்னு கண்ண மூடிக்கோங்க, ஒருத்தர் "மே எங்க, நவம்பர் எங்க"ன்னு மாத்தி மாத்தி கேக்க நீங்க கைய நீட்டி காட்டுங்க, அவங்க வரைஞ்சுக்கட்டும். நம்பர்கள் இப்படி இடத்துல வரிசையா நிக்கிறத ஃபிரான்சிஸ் கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1880லயே எழுதியிருக்கார். சத்தத்துக்கு கலர்னா நேர்ல கேக்குறத வச்சு செய்யாதீங்க, குக்கர் விசில், நாதஸ்வரம், கோயில் மணி, எதுவானாலும் ரெக்கார்ட் பண்ணி அதே ஃபைல ரெண்டு தடவையும் போடணும். வார்த்தைக்கு ருசின்னா 50 வார்த்த எழுதிக்கோங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு செய்ங்க. இந்த வகை ரொம்ப அபூர்வம், பிரிட்டன்ல ஜேம்ஸ் வானர்ட்டன்னு ஒருத்தர் லண்டன்ல இருக்குற பாதாள ரயில் ஸ்டேஷன் பேர் ஒவ்வொன்னுக்கும் என்ன ருசி வருதுன்னு ஒரு முழு மேப்பே போட்டிருக்கார்.

இன்னொரு வகை இருக்கு, அடுத்தவங்க கன்னத்த யாராவது தொட்டா நம்ம கன்னத்துலயும் தொடுற மாதிரி இருக்கும். 2009ல வந்த ஆய்வுப்படி 100ல ஒன்னு ரெண்டு பேருக்கு. ஊசி போடுறத பாத்தாலே அந்த இடத்துல உண்மையா குத்துதுன்னு ஒரு பிள்ளை சொன்னா நடிக்கிறான்னு திட்டாதீங்க, அப்படியும் இருக்கலாம்.

பிள்ளைங்கள பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், இதுக்காகத்தான் நான் எழுதவே உக்காந்தேன்.

"5 என்ன கலர் செல்லம்?"னு நீங்களா கேக்காதீங்க. நீங்க கேட்டா அவங்க பதில் சொல்லணும்னு ஏதாவது சொல்லுவாங்க, நீங்க சந்தோஷப்பட்டா இன்னும் நாலு சொல்லுவாங்க, அப்பறம் எது உண்மை எது உங்களுக்காக சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது. அவங்களா சொல்ற வரைக்கும் காத்திருங்க. என் பொண்ணு ஸ்கூல் சார்ட்ட பாத்துட்டு "அம்மா, 4 தப்பு கலர்ல போட்டிருக்காங்க"ன்னு சொன்னா. விளாடிமிர் நபகோவ்னு ரஷ்யால பொறந்த எழுத்தாளர் சின்ன பிள்ளையா எழுத்து கட்டைய வச்சு விளையாடும்போது இதேதான் அவங்க அம்மாகிட்ட சொன்னாராம், எழுத்தோட கலரெல்லாம் தப்பா இருக்குன்னு. அவங்க அம்மாவுக்கும் அதே தன்மை இருந்ததால உடனே புரிஞ்சுகிட்டாங்க. குடும்பத்துல தொடர்ந்து வர்றது சகஜம், ஆனா கலர் ஒத்துப் போகணும்னு இல்ல, என் 7 பச்சை, என் பொண்ணோடது ஏதோ ஆரஞ்சு மாதிரி.

பிள்ளை அப்படி சொன்னா "அப்படியா, எந்த கலர்ல இருக்கணும்?"னு ஒரே ஒரு கேள்வி போதும். அவங்களுக்கு தெரியாம தேதி போட்டு ஒரு நோட்ல எழுதிக்கோங்க, வேற எப்பவாவது அவங்களா மறுபடி சொல்லும்போது அதையும். ஆறு ஏழு வயசுல எல்லா எழுத்துக்கும் கலர் நிலைச்சிருக்காது, கொஞ்சம் எழுத்துக்கு நிலையா இருக்கும், மிச்சம் ஆடிக்கிட்டே இருக்கும், வருஷம் ஆக ஆகத்தான் ஒவ்வொன்னா நிலைக்கும், பிரிட்டன்ல ஜூலியா சிம்னர் குழு பிள்ளைங்கள வருஷக்கணக்குல தொடர்ந்து பாத்து சொன்னது இது. அதனால ஒன்னு ரெண்டு மாறிச்சுன்னா பொய் சொல்றான்னு நினைக்க வேணாம். சொந்தக்காரங்க வந்தா கூப்பிட்டு நிக்க வச்சு "சொல்லு சொல்லு, மாமாவுக்கு என்ன கலர்"னு கேக்காதீங்க. நான் மூணாவது படிக்கும்போது 4ம் 7ம் கூட்டினா கலர் சேரலன்னு கிளாஸ்ல சொல்லி, டீச்சர் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாங்க, அதுக்கப்பறம் பல வருஷம் நான் இத யார்கிட்டயும் வாய் திறக்கல. ஸ்கூல்ல நம்பர கலர் கலரா போட்ட வொர்க் ஷீட் குடுத்து பிள்ளை திணறுனா, கருப்பு பிரிண்ட் குடுங்கன்னு கேட்டு பாருங்க, அது ஒரு சின்ன உதவி தான், ஆனா எங்க வீட்ல கணக்கு நோட்ல அடிச்சு அடிச்சு எழுதுறது அதோட நின்னுச்சு.

கலர் எங்கேர்ந்து வந்திருக்கும்னு தேடி பாக்கவும் ஒரு வழி இருக்கு. அமெரிக்கால 6,588 பேரோட எழுத்து கலர ஆராய்ஞ்சு 2015ல வெளியிட்டாங்க, அதுல 6 சதவீதம் பேருக்கு ஃபிஷர் பிரைஸ் கம்பெனி பண்ண ஃபிரிட்ஜ் காந்த எழுத்து செட்டோட கலர் நிறைய எழுத்துக்கு ஒத்துப் போச்சு, அந்த பொம்மை வித்த காலத்துல பொறந்தவங்கள மட்டும் எடுத்தா 15 சதவீதம் வரைக்கும். அதாவது தன்மை கூடப் பொறந்ததா இருக்கலாம், கலர் மட்டும் வீட்ல கிடந்த பொம்மைலேர்ந்து ஒட்டிக்கலாம். நான் ஊருக்கு போய் பரண்ல கிடந்த என் பழைய அரிச்சுவடி சார்ட்ட எடுத்து பாத்தேன், ஒரு எழுத்து கூட சேரல. உங்களுக்கு சேரலாம், சேந்தா அது போலின்னு அர்த்தம் இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மூளைல எழுத்த அடையாளம் காணுற பகுதியும் கலர் பாக்குற பகுதியும் பக்கத்து பக்கத்துல இருக்கு, அந்த ரெண்டுக்கும் நடுவுல கூடுதல் இணைப்பு இருக்குன்னு ராமச்சந்திரன் தரப்பு சொல்லுது. இணைப்பு எல்லாருக்கும் உண்டு, சிலருக்கு மட்டும் அது அடங்கி இருக்காம திறந்து கிடக்குன்னு இன்னொரு தரப்பு சொல்லுது. இன்னும் முடிவாகல.

கவர பிரிச்சு பாத்து ஒன்னுமே ஒத்துப் போகலையா, அப்படின்னாலும் புலன் கலக்குறது உங்களுக்கும் நடந்துகிட்டு தான் இருக்கு. ஏலக்காய் பொடிய சர்க்கரைல கலந்து, மூக்க நல்லா இறுக்கி பிடிச்சுகிட்டு வாய்ல போடுங்க, வெறும் இனிப்பு தான் தெரியும், மூக்க விட்டதும் ஏலக்காய் நாக்குலேர்ந்து வர்ற மாதிரியே வரும், உண்மைல அது மூக்கு வேலை. காதுல இயர்போன் மாட்டி இரைச்சலா ஏதாவது போட்டுட்டு அப்பளத்த கடிச்சு பாருங்க, மொறுமொறுப்பே குறைஞ்ச மாதிரி இருக்கும். ஆக்ஸ்போர்டு சார்ல்ஸ் ஸ்பென்ஸும் அவர் கூட இருந்தவரும் 2004ல கடிக்கிற சத்தத்த கூட்டி குறைச்சு உருளைக்கிழங்கு சிப்ஸ வச்சு காட்டினது இதத்தான். காரம் கூட ருசி இல்ல, மிளகாய் போய் தட்டுறது சுடுற சூட்ட உணர்ற அதே வாசல, அத கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் குடுத்தாங்க. நம்ம மொழிலயே பாருங்க, எழுத்த வல்லினம் மெல்லினம் இடையினம்னு கையால தொட்டு பாத்த மாதிரி பிரிச்சு வச்சிருக்காங்க, வண்ணம்னா கலரும் உண்டு பாட்டோட சந்தமும் உண்டு. இத யோசிக்கும்போது எனக்கு புல்லரிக்கும்.

இல்லாதவங்க பயிற்சி எடுத்தா வருமான்னு கேப்பீங்க. இங்கிலாந்து சசெக்ஸ் யூனிவர்சிட்டில 2014ல வெளியிட்டாங்க, 9 வாரம் 13 எழுத்துக்கு கலர் பழக்கினதுல சிலருக்கு உண்மையிலயே கலர் தெரிய ஆரம்பிச்சுது, ஆனா மூணு மாசம் கழிச்சு பாத்தப்ப பெரும்பாலும் மங்கிடுச்சு. அதனால காசு கட்டி "புலன் கலப்பு கோர்ஸ்"னு யாராவது விளம்பரம் பண்ணா சேராதீங்க.

இருக்குன்னு உறுதியாச்சுன்னா பயன்படுத்திக்கோங்க. ல ள ழ எனக்கு மூணும் மூணு கலர், அதனால பள்ளிய பல்லின்னு எழுதினா படிக்கிறதுக்கு முன்னாடியே கலர் தப்பா இருக்குன்னு தெரிஞ்சிடும், ஸ்பெல்லிங் மிஸ்டேக் அப்படித்தான் பிடிப்பேன். போன் நம்பரும் கலர் வரிசையா தான் ஞாபகம் இருக்கும். ஆனா ஒரு கண்ணி இருக்கு, ஒரே கலர் குடும்பத்துல இருக்குறது மாறிப் போகும், எனக்கு 3ம் 8ம் ரெண்டும் மண் நிறம், பேங்க் விஷயத்துல இந்த ரெண்டு நம்பர் வந்தா மட்டும் எழுதி வச்சு சரி பாப்பேன். உங்க லிஸ்ட்ல எது எது பக்கத்து ஷேடுன்னு பாத்து வச்சுக்கோங்க.

டாக்டர்கிட்ட போக வேண்டிய ஒரு நிலைமையும் இருக்கு, இத தள்ளிப் போடாதீங்க. சின்ன வயசுல இல்லாம பெரியவங்க ஆனப்பறம் திடீர்னு கலரோ வெளிச்சமோ சத்தத்தோட சேந்து வர ஆரம்பிச்சா, தலைல அடிபட்டதுக்கு அப்பறம் வந்தா, கூடவே கடுமையான தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப் போறது, பார்வை குறையுறது இருந்தா, புது மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து வந்தா, அது நான் இவ்ளோ நேரம் சொன்ன கூடப்பொறந்த தன்மை இல்ல. கை கால் மரத்துப் போறது, வலிப்பு, பார்வை போறது இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, மத்ததுக்கு சீக்கிரமே நரம்பு டாக்டர பாருங்க.

என் பொண்ணோட கவர் பீரோல, பட்டுப்பொடவைக்கு அடில இருக்கு. அவளா சொன்ன 11 எழுத்து மட்டும் அதுல எழுதி வச்சிருக்கேன், மேல தேதி போட்டாச்சு. அடுத்த சித்திரைல தான் பிரிக்கணும், அது வரைக்கும் அவகிட்ட நானா ஒரு கலர் கூட கேக்கப் போறதில்ல.